திருவல்லிக்கேணியில் 680 சதுர அடிப் பழைய வீடு: வாங்கலாமா?

தேரடிவாசி | அக்டோபர் 4

வணக்கம். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்த்தசாரதி கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு குறுக்குத் தெருவில் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அகலம் 11 அடி 4 அங்குலம், நீளம் 60 அடி. பத்திரத்தில் 680 சதுர அடி. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. திண்ணை இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கதவு. உள்ளே வாசலை அடுத்த இடைகழியான ரேழி, சிறு கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டிச் சமையலறை, கடைசியில் குளியலறை. மாடி கிடையாது. மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. கட்டி எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். கேட்கும் விலை 92 லட்சம்.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், என் அம்மா. பதினோரு ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகள் மாறிவிட்டோம். கடைசியாக மாறியபோது மகள் கேட்ட முதல் கேள்வி, "இங்கேயும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதா அப்பா?" என்பதுதான். கையிருப்பு 32 லட்சம். மனைவிக்கு ராயப்பேட்டையில் வேலை. அம்மாவுக்குக் கோயிலும் கடைத்தெருவும் நடக்கும் தூரத்தில் இருந்தால் போதும். இதே பணத்தில் புறநகரில் புது ஃபிளாட் கிடைக்கும் என்பதும் தெரியும்.

வீட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. எதை எதைப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி | அக்டோபர் 4

நேராகவே சொல்லிவிடுகிறேன். சதுர அடிக்கு 13,500 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். அது முழுவதும் நிலத்துக்கான விலை. எண்பது ஆண்டுக் கட்டடத்துக்கு மதிப்பு என்று ஒன்றும் கிடையாது. வாங்கினால் இடித்துவிட்டுத் தரைத்தளமும் மாடியுமாகக் கட்டுங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் அனுமதி பெறும் முறை 2024 ஜூலையிலேயே வந்துவிட்டது. இடிக்கப் பணம் இல்லை என்றால் வாங்காதீர்கள். பழைய வீட்டில் பழுது பார்ப்பது கிணற்றில் கல் போடுவது போல. போட்டுக்கொண்டே இருக்கலாம், நிரம்பாது.

கொத்தனார் மகன் | அக்டோபர் 5

நான் கட்டடப் பொறியாளன். என் அப்பா சேப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனார். மேலே சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

"இடித்துக் கட்டு" என்பவர்கள் அந்த 11 அடி 4 அங்குலத்தை யோசிப்பதில்லை. இந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரே சுவர், பொதுச்சுவர். உங்கள் கூரைக் கட்டை இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பக்கத்து வீட்டுக் கட்டை அதே சுவரின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவரை நீங்கள் தொட முடியாது. அதை விட்டு உள்ளே தள்ளித்தான் தூண் எழுப்ப வேண்டும். பக்கத்துக்கு முக்கால் அடி போனாலே உள்ளே பத்து அடிகூட மிஞ்சாது. அதில் மாடிப்படி மூன்று அடி. மீதியில் ஒரு கட்டில் போட்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு பரப்பு கட்டலாம் என்று விதியில் இருப்பது உண்மைதான். அந்த அகலத்தில் அதைப் பயன்படுத்த வழியில்லை.

அதனால், இந்த வீட்டை இப்போது இருக்கும் உருவிலேயே உங்கள் குடும்பம் வாழ முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். "பிறகு இடித்துக்கொள்ளலாம்" என்ற சமாதானத்தோடு மட்டும் வாங்காதீர்கள்.

இனி கூரை. மெட்ராஸ் டெரஸ் என்றால் சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டை. அதற்கு மேல் அச்சுக்கல் என்ற மெல்லிய சிறு செங்கலைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓடு. நன்றாகப் பராமரித்தால் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடம். அங்கேதான் ஈரம் தங்கும், கரையான் வரும். ஏணி போட்டு ஏறுங்கள். ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் திருப்புளியால் குத்துங்கள். கணீர் என்று நின்றால் நல்லது. ரொட்டியில் இறங்குவது போல இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. கட்டைகளுக்கு அடியில் நூல் கட்டிப் பார்த்தால் எது தொய்ந்திருக்கிறது என்று தெரியும். மொட்டைமாடியில் பின்னால் சேர்த்த சிமெண்டுத் தளம் எத்தனை அங்குலம், தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அந்தப் பாரத்துக்காக அந்தக் கூரை கட்டப்படவில்லை.

மழை நாளில் போங்கள். சொல்லாமல் போங்கள்.

சாசனம் | அக்டோபர் 5

முப்பது ஆண்டு பத்திரம் எழுதியவன் நான். தம்பி, நீங்கள் கூரையைப் பிறகு பாருங்கள். முதலில் அந்த வீடு நிற்கும் மண் யாருடையது என்று பாருங்கள்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற கோயிலைச் சுற்றிய பகுதிகளில் அடிமனை கோயிலுக்கும் மேற்கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் உரியதாக உள்ள வீடுகள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, வரி கட்டி, மின் இணைப்பும் தம் பெயரில் வைத்திருப்பார்கள். விற்பவர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கோயில் சொத்தை உரிய அனுமதி இல்லாமல் பதிவுசெய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. டவுன் சர்வே நிலப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சொத்துவரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது.

அடுத்து தாய்ப்பத்திரம், அதாவது இந்தச் சொத்தின் மூலப் பத்திரம். அங்கிருந்து இன்றுவரை கை மாறிய ஒவ்வொரு கண்ணியும் வேண்டும். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்கு எடுத்து நிறுத்திவிடாதீர்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்லுங்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்து விவரத்தை நாலு எல்லையோடு வாய்விட்டுப் படியுங்கள். பொதுச்சுவர், பொதுவழி, பொதுக்கிணறு ஆகிய சொற்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

விற்பவர்கள் யார் யார் என்று நீங்கள் எழுதவில்லை. இது மிக முக்கியம்.

தேரடிவாசி | அக்டோபர் 6

ஐயா, வீடு விற்பவர்களின் அப்பாவான தாத்தா வாங்கியது. உயில் இல்லை. அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரிய மகன் வீட்டில் இருக்கிறார். இளையவர் அமெரிக்காவில். மகள் திருச்சியில். "அக்காவுக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்துவிட்டோம், அவர் கையெழுத்து தேவையில்லை" என்கிறார் பெரியவர்.

சாசனம் | அக்டோபர் 6

தேவை. தாத்தா தன் பணத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு. பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்து என்று வாதாடினாலும் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், மத்திய அரசின் 2005 திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒவ்வொன்றும் மகள் பக்கம்தான் வந்திருக்கிறது. நகையும் சீரும் பங்குக்கு ஈடு ஆகாது. அந்த அம்மா பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் தர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவர்கள் பத்து ஆண்டு நீதிமன்றப் படி ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கத் தம்பி வரவில்லை என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதில் "விற்க" என்ற அதிகாரம் தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ரேழி | அக்டோபர் 8

நான் இருபத்து மூன்று வயது வரை இருந்தது இப்படியொரு வீட்டில்தான், சிங்கராச்சாரி தெருவுக்குப் பக்கத்தில். ஒரு பெண்ணாகச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

இந்த வீடுகளில் நடைபாதை என்று தனியே கிடையாது. ரயில் பெட்டி போல ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறை. கூடத்தில் யார் படுத்திருந்தாலும் அவரைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் இரண்டு ஆண்டில் அவளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு வேண்டும். அது எங்கே வரும் என்று இப்போதே வரைந்து பாருங்கள். அம்மாவுக்கு இரவில் மூன்று முறை எழ வேண்டியிருந்தால், கூடத்திலிருந்து முற்றத்தைச் சுற்றிக் கடைசிவரை ஈரத்தில் நடக்க வேண்டும். என் பாட்டி அந்த இடத்தில்தான் விழுந்தார்.

முற்றம் திறந்திருக்கிறதா, தகடு போட்டு மூடிவிட்டார்களா? இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வீட்டுக்கு முற்றம்தான் மூக்கு. மூடியிருந்தால் பகல் ஒரு மணிக்குப் போய், எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, அரை மணி நேரம் கூடத்தில் உட்காருங்கள். வைகுண்ட ஏகாதசியின்போது அந்தத் தெருவில் வண்டி நுழையாது என்பதும், விடியற்காலை ஒலிபெருக்கியும் உங்களுக்குத் தொந்தரவா சந்தோஷமா என்று மனைவியிடம் கேளுங்கள். என் அம்மாவுக்கு அது உயிர். என் கணவரால் ஒரு நாள் தாங்க முடியவில்லை.

இத்தனையும் சொன்னாலும், முற்றத்தில் மழை கொட்டும்போது ஒரு கால் வீட்டுக்குள்ளும் ஒரு கால் மழையிலுமாக உட்கார்ந்திருந்த சுகம் வேறு எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தேரடிவாசி | அக்டோபர் 19

நேற்றிரவு விடாமல் மழை. காலை ஆறரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். நல்ல வேளையாகப் போனேன்.

வாசலில் நான்கு மணல் மூட்டைகள் வரிசையாக இருந்தன. புதிதாகக் கொண்டுவந்தவை அல்ல, பாசி பிடித்தவை. தெருவை மேலே மேலே போட்டுத் தரைமட்டத்தைவிட 14 அங்குலம் உயர்த்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏறிப்போன படியில் இப்போது இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் ரேழிவரை வந்திருந்தது. அதைவிட மோசம், குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்ததாக எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னார்கள். "பெருமழை என்றால் அப்படித்தான் தம்பி, நாங்கள் துணியைச் சுருட்டி அடைப்போம்" என்றார்கள்.

கூடத்துக்கு மேல் 17 கட்டைகள். நான்கின் நுனியில் திருப்புளி இறங்கியது. நான்கும் கிழக்குச் சுவர்ப் பக்கம். அதற்கு நேர் மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. சமையலறைக் கட்டைகள் கெட்டியாக இருக்கின்றன. கூடத்துச் சுவருக்கு இடுப்பளவு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸுக்கு மேல் புது வண்ணம், அதையும் மீறி உப்புப் பூத்திருக்கிறது. முற்றத்தைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள், ரேழி அம்மா சொன்னது சரிதான். பகலில் இருட்டு.

திரும்பி வரும்போது வயிற்றைப் பிசைந்தது.

கொத்தனார் மகன் | அக்டோபர் 19

இவ்வளவு தெளிவாகப் பார்த்ததற்கு முதலில் பாராட்டு. நீங்கள் எழுதியதில் பயப்பட வேண்டியதும் வேண்டாததும் கலந்திருக்கின்றன.

நான்கு கட்டைகள், எல்லாம் ஒரே இடம், காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. தொட்டியை இறக்கி, கசிவை நிறுத்தி, கெட்ட நுனிகளை வெட்டி, சுவரோரம் ஓர் இரும்புச் சட்டத்தைக் கொடுத்து மீதிக் கட்டையைத் தாங்க வைக்கலாம். கடற்காற்று வரும் இடம், அதனால் இரும்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு கட்டாயம். பதினேழும் அங்கங்கே கெட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சுவரில் ஏறும் ஈரத்துக்கு, அதாவது ஓதத்துக்கு, காரணம் அந்த டைல்ஸ்தான். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டும் டைல்ஸும் அதன் வாயைப் பொத்திவிடுகின்றன. ஈரம் இன்னும் மேலே ஏறி வழி தேடுகிறது. பெயர்த்தெடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள்.

தெரு மட்டம்தான் பெரிய விஷயம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறோம் என்று சிலர் வருவார்கள். பொதுச்சுவர் வீட்டில் அதைச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டை விட்டுவிட்டு உங்கள் பாதிச் சுவரை மட்டும் எப்படித் தூக்குவது? ஆனால் உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது: கூரை உயரம். தரையிலிருந்து கட்டையின் அடி வரை எத்தனை அடி என்று அளந்து சொல்லுங்கள். பதினொன்று இருந்தால் தரையை ஒன்றரை அடி நிரப்பி உயர்த்தினாலும் ஒன்பதரை மிஞ்சும். கதவு நிலைகளை எல்லாம் மேலே ஏற்ற வேண்டும், அது செலவுதான். சாக்கடை பின்னோக்கி வருவதும் அதோடு பெருமளவு தீரும். குழாயில் தடுப்பு வால்வும் வைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கேளுங்கள். குளியலறை பின்னால், தெரு முன்னால், இரண்டு பக்கமும் சுவர். அப்படியானால் கழிவுக்குழாய் கூடத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. பழைய சுட்ட மண் குழாயாக இருந்தால் இணைப்புகளில் விரிசல் இருக்கும். சுவர் ஓதத்தில் ஒரு பங்கு அதிலிருந்தும் வரலாம்.

தேரடிவாசி | அக்டோபர் 20

அளந்தேன். 11 அடி 3 அங்குலம்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 21

வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். பணக் கணக்கைப் பார்ப்போம்.

92 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 8 லட்சத்து 28 ஆயிரம். இதை வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது, கையிலிருந்து போட வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பை வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வார். இந்த வயதுக் கட்டடத்துக்கு அவர் ஏறக்குறைய ஒன்றும் போட மாட்டார். கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று பொறியாளர் சான்று கேட்பார்கள், அதை வைத்துத் தவணைக் காலத்தையும் குறைக்கலாம். 60 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 52,000. 15 ஆண்டாகக் குறைத்தால் 59,000. இரண்டாவது தொகையை வைத்தே திட்டமிடுங்கள்.

50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விலை என்பதால் உள்நாட்டில் இருப்பவர்களின் பங்கில் 1 சதவீத வரியைப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். அமெரிக்காவில் இருப்பவரின் பங்குக்கு வேறு விதி, பிடித்தம் மிக அதிகம். அதைப் பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே தணிக்கையாளரைப் பாருங்கள். "பாதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு முடிந்த மறுநாள் கையில் பழுதுக்கான பணம் இல்லை என்றால், அந்த மணல் மூட்டைகளோடுதான் நீங்களும் வாழ்வீர்கள்.

தேரடிவாசி | நவம்பர் 9

சாசனம் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னபடி டவுன் சர்வே பதிவேட்டு நகல் எடுத்தேன். உரிமையாளர் தாத்தாதான், கோயில் மனை இல்லை. அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன். ஆனால் சொத்து விவரத்தை வாய்விட்டுப் படித்தபோது பின் எல்லையில் "பின் சந்து நீக்கி" என்று இருக்கிறது. நில அளவர் வந்து அளந்தார். குளியலறைக்குப் பின்னால் இருக்கும் 5 அடி, பழைய பின் சந்து. நாலு வீட்டுக்கும் பொது. இடையில் வந்த ஒரு பத்திரத்தில் அதையும் சேர்த்து 60 அடி என்று எழுதிவிட்டார்கள். நமக்கு உரியது 55 அடி, 623 சதுர அடிதான்.

சாசனம் | நவம்பர் 9

இடையில் எழுதியவர் செய்த பிழை, நாற்பது ஆண்டு யாரும் படிக்கவில்லை. புதுப் பத்திரத்தில் 623 என்றும், வரைபடம் இணைத்தும் எழுதுங்கள். 680 என்று எழுதிக்கொண்டால் லாபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேளச்சேரிவாசி | நவம்பர் 10

நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்ததால் பிழைத்தோம். 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. மாடி இல்லாத வீட்டில் மூத்த அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஓர் இரவு தண்ணீர் ஏறினால் எங்கே போவீர்கள்? பணக் கணக்கைவிட இதுதான் எனக்குக் கவலை. ஆனால் இடித்துக் கட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பொதுச்சுவர் பற்றி நான் யோசிக்கவில்லை.

தேரடிவாசி | நவம்பர் 10

நியாயமான கேள்வி. தெருவில் ஆறு வீட்டில் விசாரித்தேன். 2015-லும் 2023-லும் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது, மறுநாள் வடிந்துவிட்டது என்று தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னார்கள். தரையை உயர்த்தும்வரை குடிபோக மாட்டோம். மொட்டைமாடிக்கு ஏற இப்போது இரும்பு ஏணிதான் இருக்கிறது. அம்மா ஏறக்கூடிய படி வேண்டும் என்று இன்று எழுதி வைத்துக்கொண்டேன்.

தேரடிவாசி | டிசம்பர் 2

விலை பேசி முடித்தோம். 623 சதுர அடிக்கு அவர்கள் சொன்ன அதே வீதத்தில் கணக்கிட்டால் 84 லட்சத்துச் சொச்சம். கட்டை, தரை, கழிவுக்குழாய்க்கான மதிப்பீட்டை மேசையில் வைத்தேன். 80 லட்சத்துக்குப் பெரியவர் ஒப்புக்கொண்டார். கடன் 60 லட்சம், 15 ஆண்டு. பதிவுச் செலவு 7 லட்சத்து 20 ஆயிரம் போகக் கையில் 4 லட்சத்து 80 ஆயிரம். வருங்கால வைப்பு நிதியில் 4 லட்சம் எடுக்கிறேன். முதல் கட்ட வேலைக்கு இது போதும்.

திருச்சிக்கு நானே போய் அந்த அக்காவைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். "என் பங்கு என் பேருக்குக் காசோலையாக வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். தம்பி கையில் கொடுத்துவிட்டேன் என்று பிறகு சொல்லக் கூடாது" என்றார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகத்தான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.

மகளுக்குச் சமையலறைக்கு முன்னால் ஏழடிக்கு ஒன்பதடியில் கதவோடு ஓர் அறை வரைந்தாயிற்று. அம்மாவுக்கு ரேழியை ஒட்டிச் சிறு கழிப்பறை. கொத்தனார் மகன் ஐயா, எந்த வேலையை முதலில் தொடங்குவது?

கொத்தனார் மகன் | டிசம்பர் 2

முதலில் மொட்டைமாடித் தொட்டியை இறக்குங்கள், அதில் தாமதம் வேண்டாம். கட்டைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே நடமாட வேண்டும். பிறகு கூடத்தைத் தோண்டிக் கழிவுக்குழாயைப் புதிதாகப் பதியுங்கள். அம்மாவின் கழிப்பறைக்கான இணைப்பையும் அப்போதே விட்டுவிடுங்கள், தரை போட்ட பிறகு உடைக்க வேண்டியிருக்கக் கூடாது. அதன் பிறகு கட்டை வேலை, நிரப்பல், கதவு நிலைகள். சுவர் டைல்ஸைப் பொங்கலுக்குள் பெயர்த்துவிட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்துவிடும். முற்றத்துத் தகட்டை முதல் நாளே கழற்றுங்கள். சுவர் காய அந்தக் காற்று வேண்டும்.